பாராதைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் வைட்டமின் டி எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைப்பர்பாராதைராய்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "கால்சியம் ஏற்கெனவே கூடுதலாம், வைட்டமின் டி பக்கமே போகக் கூடாது" என்பார் ஒருவர். "வைட்டமின் டி எட்டுதான் இருக்கு, வாரம் ஒரு பாக்கெட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். சின்ன அளவில், இரத்தக் கால்சியத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். கீழே உள்ளவை நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். உங்கள் டாக்டர் எழுதிய அளவை நீங்களே மாற்றிக்கொள்ள இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

பாராதைராய்டும் தைராய்டும் ஒன்றுதானே? எனக்குத் தைராய்டு டெஸ்ட் நார்மல் என்றார்களே?

இரண்டும் வேறு வேறு. தைராய்டுக்குப் பின்புறம் ஒட்டினாற்போல் பெரும்பாலானவர்களுக்கு நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான். பக்கத்தில் இருப்பதால் அந்தப் பெயர் வந்ததே தவிர, வேலையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தைராய்டுக்காகப் பார்க்கும் டி.எஸ்.எச். நார்மலாக இருப்பதை வைத்துப் பாராதைராய்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. (இந்தச் சுரப்பியை முதலில் கவனித்தவர் ரிச்சர்ட் ஓவன். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடலை அறுத்துப் பார்த்தபோது கண்டார். மனிதரிடம் இருப்பதை 1880இல் விவரமாக எழுதியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.)

இவை சுரக்கும் ஹார்மோன் பி.டி.எச். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பி.டி.எச். கூடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், சிறுநீரகத்தில் வைட்டமின் டியை வீரியமுள்ள வடிவமாக மாற்றி, குடலில் கால்சியம் அதிகம் சேரச் செய்யும். கால்சியம் போதுமான அளவுக்கு வந்ததும் பி.டி.எச். அடங்க வேண்டும். பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசத்தில், அதாவது கோளாறு பாராதைராய்டு சுரப்பியிலேயே இருக்கும் வகையில், அது அடங்குவதில்லை. நூற்றில் 80, 85 பேருக்குக் காரணம் ஒரே ஒரு சுரப்பியில் வளர்ந்த, புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டி. புற்றுநோய் என்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

ரிப்போர்ட்டில் ஏகப்பட்ட எண்கள். எதை முதலில் பார்ப்பது?

ஓர் உதாரண ரிப்போர்ட்டை வரிவரியாகப் பார்ப்போம். 52 வயதுப் பெண்மணி. கால்சியம் 11.3, ஆல்புமின் 3.6, பாஸ்பரஸ் 2.3, பி.டி.எச். 186, வைட்டமின் டி 8, கிரியேட்டினின் 0.8.

முதலில் கால்சியம். பெரும்பாலான லேப்களில் நார்மல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மி.கி. வரை. ஆனால் இரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஆல்புமின் குறைந்தால் கால்சியமும் பொய்யாகக் குறைவாகத் தெரியும். அதனால் நான்கிலிருந்து ஆல்புமினைக் கழித்து, வருவதை 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். இவருக்கு 11.3 என்பது 11.6 ஆகிறது. இன்னொருவருக்குக் கால்சியம் 10.2, ஆல்புமின் 3.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லும், ஆனால் கணக்குப்படி அது 11. ஆல்புமின் இல்லாமல் கால்சியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தாலும் கால்சியம் கூடுதலாகக் காட்டும்; இதை லேப்பில் சொல்லிவிடலாம், தவறில்லை.

அடுத்து பி.டி.எச். பல லேப்களில் மில்லிலிட்டருக்கு 15 முதல் 65 பிகோகிராம் வரை நார்மல். கால்சியம் 11.6 இருக்கும் ஒருவருக்கு இது நன்றாக அடங்கிக் கிடக்க வேண்டும். இவருக்கு 186. கால்சியம் கூடியிருக்கும்போது பி.டி.எச். 50 என்று வந்தால்கூட அது நார்மல் அல்ல, ஏனென்றால் அந்த நிலையில் அது அடங்கியிருக்க வேண்டும். பாஸ்பரஸ் குறைந்திருப்பதும் இந்த நோய்க்குப் பொருந்துகிறது. கிரியேட்டினின் நன்றாக இருப்பதால் சிறுநீரகக் கோளாறால் வந்ததல்ல.

கடைசியாக வைட்டமின் டி. பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற அளவு. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. எட்டு என்பது கடுமையான குறைபாடு. சில லேப்கள் நானோமோலில் தருகின்றன, அதை 2.5ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும்.

கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. வைட்டமின் டி கொடுத்தால் இன்னும் ஏறாதா?

இதுதான் எல்லாருடைய பயமும். நியாயமான பயம். டாக்டர்களே பல ஆண்டுகள் இதே பயத்தில் வைட்டமின் டி கொடுக்காமல் இருந்தார்கள்.

வைட்டமின் டி குறையும்போது, எஞ்சியிருக்கும் ஆரோக்கியமான சுரப்பிகளை மட்டுமல்ல, கட்டி வளர்ந்த சுரப்பியையும் அது தூண்டுகிறது. பி.டி.எச். மேலும் ஏறுகிறது, எலும்பு மேலும் கரைகிறது. குறைபாட்டைச் சரிசெய்தால் பி.டி.எச். ஓரளவு இறங்கும், எலும்பிலிருந்து வெளியேறும் கால்சியமும் குறையும். குடல் வழியாகக் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் மொத்தத்தில் இரத்தக் கால்சியம் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல. நியூசிலாந்தில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் லேசாக இருந்த 21 பேருக்கு முதல் மாதம் வாரம் 50,000 யூனிட், பிறகு மாதம் 50,000 யூனிட் என்று ஓராண்டு கொடுத்தார்கள். சராசரி கால்சியம் ஏறவில்லை; பி.டி.எச். ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. டென்மார்க்கில் 2014இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கறாரானது. 46 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 2,800 யூனிட், மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரை. வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு, கட்டியுள்ள சுரப்பியை எடுக்கும் அறுவைக்கு முன்பே பி.டி.எச். 17 சதவீதம் இறங்கியது, முதுகெலும்பின் அடர்த்தி 2.5 சதவீதம் கூடியது, கால்சியத்தால் தொல்லை வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்பட்டவர்கள் கால்சியம் மிக அதிகமாக ஏறாதவர்கள். நியூசிலாந்து ஆய்வில் 12க்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. அதிலும் இரண்டு பேருக்குச் சிறுநீரில் போகும் கால்சியம் நாளுக்கு 400 மி.கி. தாண்டியது. சராசரி ஏறவில்லை என்பதால் யாருக்குமே ஏறாது என்று ஆகிவிடாது. உங்களுக்கு ஏறுகிறதா என்பது இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வைட்டமின் டி போட்ட பிறகுதான் கால்சியம் 10.3இலிருந்து 11.1 ஆனது. மருந்துதானே காரணம்?

பெரும்பாலும் மருந்து நோயை உண்டாக்கவில்லை, மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது. கடுமையான வைட்டமின் டி குறைபாடு கால்சியத்தை நார்மல் எல்லைக்குள் இழுத்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் பி.டி.எச். அதிகம், கால்சியம் நார்மல் என்று வரும். "குறைபாட்டால் வந்தது, பயப்பட வேண்டாம்" என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். குறை நிரம்பியதும் நிஜ அளவு தெரிகிறது. பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்) டாக்டரைப் பாருங்கள்.

பி.டி.எச். 110, கால்சியம் 9.4, வைட்டமின் டி 11. எனக்கும் கழுத்தில் கட்டியா?

அவசரப்பட வேண்டாம். வைட்டமின் டி குறைந்தால் ஆரோக்கியமான சுரப்பிகளும் பி.டி.எச்.சைக் கூட்டும். அது செகண்டரி ஹைப்பர்பாராதைராய்டிசம். நம் ஊரில் பிரைமரியைவிட இதுதான் மிக அதிகம். வைட்டமின் டியை 30க்கு மேல் கொண்டுவந்து சில மாதங்கள் அங்கேயே வைத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். பி.டி.எச். இறங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது. இறங்காமல் நின்றால் சிறுநீரகம், உணவில் கால்சியம் போதாமை, குடலில் சத்து சேராத நோய்கள், சில மருந்துகள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகுதான் வேறு பெயர் சொல்ல முடியும். அதற்கு முன்னால் கழுத்து ஸ்கேனுக்கு ஓடுவதில் பயன் இல்லை. ஸ்கேன் என்பது நோய் இருக்கிறதா என்று சொல்வதற்காக எடுப்பதல்ல. நோய் உறுதியான பிறகு, கட்டி எந்தப் பக்கம் என்று அறுவை டாக்டருக்குக் காட்டுவதற்கு.

இந்த நோயில் வைட்டமின் டி ஏன் இவ்வளவு குறைகிறது? நாங்கள் வெயிலிலேயே இருப்பவர்கள்.

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. பி.டி.எச். அதிகமாக இருக்கும்போது சேமிப்பில் உள்ள வைட்டமின் டி வேகமாக வீரிய வடிவமாக மாற்றப்படுகிறது, வேகமாகச் சிதைக்கவும் படுகிறது. அதாவது நோயே சேமிப்பைத் தின்கிறது. அதற்கு மேல், கருத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி செய்ய அதிக நேரம் வெயில் வேண்டும். நம்மில் பலர் வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அலுவலகத்திலோ வீட்டுக்குள்ளோ இருக்கிறோம், வெளியே போனாலும் உடல் முழுக்க மூடியிருக்கிறது. காலை ஆறரை மணி நடைப்பயிற்சியில் உடம்புக்கு நல்லது பல உண்டு, ஆனால் வைட்டமின் டி கிட்டத்தட்டக் கிடைப்பதில்லை. சூரியன் மேலே ஏறிய பிறகுதான் அதற்குத் தேவையான கதிர் தரையை எட்டுகிறது.

குறைவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் என்ன ஆகும்?

இந்தியாவில் இந்த நோய் காட்டும் முகமே பதில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970களில் இரத்தப் பரிசோதனைகளைத் தானாகச் செய்யும் இயந்திரங்கள் வந்த பிறகு, வேறு எதற்கோ எடுத்த இரத்தத்தில் கால்சியம் சற்றுக் கூடுதல் என்று தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாக இது மாறிவிட்டது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருப்பதில்லை. லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகம், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம், டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களிலிருந்து பல ஆண்டுகளாக வந்த பதிவுகளில் தெரியும் காட்சி வேறு. எலும்பு வலியோடு, நடக்க முடியாத தசை பலவீனத்தோடு, லேசாகத் தடுக்கி விழுந்து உடைந்த தொடை எலும்போடு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக் கல்லோடு வருகிறார்கள். தாடையில் வீக்கம் வந்து, புற்றுநோயோ என்று பயந்து, கடைசியில் பாராதைராய்டால் வந்த எலும்புக் கட்டி என்று தெரியவருவதும் உண்டு. திரும்பத் திரும்பக் கணைய அழற்சி வந்த பிறகு கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு.

நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது ஒரு காரணம். வைட்டமின் டி குறைபாடு இன்னொரு காரணம். குறைபாடு உள்ளவர்களுக்குப் பி.டி.எச். அதிகமாக ஏறுகிறது, கட்டி பெரிதாக இருக்கிறது, எலும்பு அதிகம் அடிபடுகிறது. அதனால்தான் நம் நாட்டில் இந்தக் குறையை அலட்சியப்படுத்த முடியாது. சில ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் வைட்டமின் டி இருக்கும், கால்சியம் இருக்காது. வைட்டமின் டி குறைவு என்று வந்தவுடன் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கால்சியத்தையும் ஆல்புமினையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு வைட்டமின் டி டெஸ்டைவிட மிகக் குறைவு. எலும்பு வலியோ சிறுநீரகக் கல்லோ இருப்பவர் எவராக இருந்தாலும், வைட்டமின் டி தொடங்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு எடுக்க வேண்டும்? மெடிக்கலில் 60,000 யூனிட் பாக்கெட்தான் கொடுக்கிறார்கள்.

பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசம் பற்றிய சர்வதேச நிபுணர் குழு 2014இல் வெளியிட்ட வழிகாட்டியில், தினம் 600 முதல் 1,000 யூனிட் வரை தொடங்கி, குறைந்தது 20 நானோகிராமுக்குக் கொண்டுவரச் சொன்னது. 2022இல் இலக்கை 30க்கு மேல் என்று உயர்த்தியது. ஆகவே நடைமுறையில் தினம் 1,000 அல்லது 2,000 யூனிட் என்று தொடங்கிப் பார்த்துப் பார்த்துப் போவது நிதானமான வழி. வைட்டமின் டி3 மாத்திரைகள் இந்த அளவுகளிலும் கிடைக்கின்றன, சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும்.

வாரம் 60,000 என்பது நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு யூனிட்டுக்கும் மேல். கட்டி இல்லாத சாதாரணக் குறைபாட்டுக்கு எட்டு வாரம் அப்படிக் கொடுப்பது வழக்கம். கால்சியம் 11 இருப்பவருக்கு அதே சீட்டை எழுதுவது சரியல்ல. சில மையங்களில், கால்சியம் லேசாக மட்டும் கூடியவர்களுக்கு, கண்காணிப்போடு வாராந்திர அளவும் கொடுக்கிறார்கள். அது உங்கள் டாக்டர் உங்கள் எண்களைப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். 6 லட்சம் யூனிட் ஊசி இந்த நோயில் கூடவே கூடாது. உள்ளே போன பிறகு கால்சியம் ஏறினால் திருப்பி எடுக்க வழியில்லை, கொழுப்பில் தங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும்.

பாக்கெட் எழுதியிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு எட்டு நாளில் எட்டையும் பாலில் கலக்கிக் குடித்துவிடுகிறார்கள், குறிப்பாகத் தனியாக மருந்து எடுக்கும் பெரியவர்கள். காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். பாக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

என் கால்சியம் மாத்திரையிலேயே வைட்டமின் டி இருக்கிறதாம். அது போதுமா?

அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். இது மிக முக்கியம். கோலிகால்சிஃபெரால் என்றோ வைட்டமின் டி3 என்றோ 250, 500 யூனிட் போட்டிருந்தால் அது சாதாரண வைட்டமின் டி. கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் என்றோ ஆல்ஃபாகால்சிடால் என்றோ போட்டிருந்தால் அது வேறு மருந்து. நம் ஊரில் விற்கும் பல கால்சியம் கேப்சூல்களில் கால்சிட்ரியால் சேர்ந்திருக்கிறது, வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

வைட்டமின் டி3 சேமிப்புச் சரக்கு. உடம்பு தேவைக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ளும். கால்சிட்ரியால் ஏற்கெனவே மாற்றப்பட்ட, நேராகக் குடலில் வேலை செய்யும் வடிவம். பிரைமரி நோயில் பி.டி.எச்.சின் தூண்டுதலால் உடம்பே அதை அதிகம் செய்துகொண்டிருக்கிறது. மேலே இன்னும் கொடுத்தால் கால்சியம் நேராக ஏறும். அதைக் குடித்தாலும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி அளவு உயராது. "இத்தனை மாதம் சாப்பிட்டும் எட்டிலேயே நிற்கிறதே" என்று குழம்புவதற்கும் இதுவே காரணம். அறுவைக்கு முன் கால்சிட்ரியாலுக்கு இந்த நோயில் இடமில்லை.

எந்த இடைவெளியில் இரத்தம் பார்க்க வேண்டும்?

தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கால்சியம், ஆல்புமின், கிரியேட்டினின். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதேபோல. வைட்டமின் டியும் பி.டி.எச்.சும் மூன்று மாதம் கழித்துப் போதும். அதற்கு முன்னால் எடுத்தால் பாதி வழியில் இருக்கும் எண்தான் கிடைக்கும், பணமும் வீண்.

24 மணி நேரச் சிறுநீர் கால்சியம் தொடக்கத்திலும் பிறகும் எடுக்கச் சொல்லலாம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போவதையும் லேப் கொடுத்த கேனில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை முதல் சிறுநீரைச் சேர்த்ததோடு முடிகிறது. இரவு ஒரு முறை மறந்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள். பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மி.கி.க்கு மேல் போவது அறுவைக்கான காரணங்களில் ஒன்று. வைட்டமின் டி மிகக் குறைவாக இருக்கும்போது இந்த எண்ணும் குறைவாகத் தெரியும். அப்போது, அறுவை தேவைப்படாத, பரம்பரையாக வரும் ஒரு கால்சியக் கோளாறோடு இது குழம்பிப்போகும். அதனால் குறையை நிரப்பிய பிறகு மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

எப்போது உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்?

அடங்காத தாகம், அடிக்கடி நிறைய சிறுநீர், மலச்சிக்கல் திடீரென்று மோசமாவது, வாந்தி, சாப்பாடே வேண்டாம் என்ற நிலை, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் குழப்பம். வயதானவர் இரண்டு நாளாகத் தண்ணீர் சரியாகக் குடிக்காமல், பேச்சும் தடுமாறினால் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய் நோயின் பெயரைச் சொல்லி உடனே கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். 14க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. 12க்கு மேல் இருப்பவர்களுக்கு முதல் வேலை கால்சியத்தை இறக்குவது, வைட்டமின் டி பேச்சு பிறகு.

காசநோய் வந்து குணமானவர் எடுக்கலாமா?

காசநோய், சார்காய்டோசிஸ் போன்றவற்றில் நோயால் திரண்ட செல்களே வைட்டமின் டியை வீரிய வடிவமாக மாற்றிக் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடும். அங்கே பி.டி.எச். அடங்கியிருக்கும், கூடியிருக்காது. நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் கால்சியம் கூடிய ஒவ்வொருவருக்கும் பி.டி.எச். பார்த்தாக வேண்டும். குணமாகிவிட்டவர் கண்காணிப்போடு எடுக்கலாம். இப்போது சிகிச்சையில் இருப்பவர் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பால், கேழ்வரகு எல்லாம் நிறுத்திவிட்டோம். சரிதானே?

வேண்டாம். தயவுசெய்து மறுபடி ஆரம்பியுங்கள். உணவில் கால்சியத்தை வெட்டினால் பி.டி.எச். இன்னும் ஏறி, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மற்றவர்களைப் போலவே நாளுக்கு ஏறக்குறைய 1,000 மி.கி. உணவிலிருந்து வரலாம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மி.கி. உண்டு. தயிரும் கீரையும் எள்ளும் வழக்கம்போல இருக்கட்டும். தனியாகக் கால்சியம் மாத்திரை மட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். கோடையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றினால் கால்சியம் விறுவிறுவென்று ஏறும்.

வேறு மருந்துகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்றவை சிறுநீரில் போகும் கால்சியத்தைத் தடுத்து இரத்தத்தில் ஏற்றும். மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம் பி.டி.எச்.சையே கூட்டும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் பேச வேண்டும். முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரை சில லேப் முறைகளில் பி.டி.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே விட்டுவிடுங்கள். எலும்புக்காக சோலெட்ரோனிக் அமில ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன் வைட்டமின் டி நிரம்பியிருக்க வேண்டும்.

வைட்டமின் டி எடுத்தால் அறுவையே தேவைப்படாதா?

தேவைப்படுபவருக்குத் தேவைதான். வைட்டமின் டி கட்டியைக் கரைக்காது. நோயைக் குணமாக்கும் ஒரே வழி அந்தச் சுரப்பியை எடுப்பது. ஐம்பது வயதுக்குக் குறைந்தவர், கால்சியம் நார்மல் உச்சத்தைவிட 1 மி.கி.க்கு மேல் கூடியவர், எலும்பு தேய்ந்தவர் அல்லது உடைந்தவர், சிறுநீரகக் கல் உள்ளவர், சிறுநீரகத் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 60க்குக் கீழே போனவர் ஆகியோருக்கு அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. பாராதைராய்டு அறுவையை அதிகம் செய்து பழகியவரிடம் போவது நல்லது. கருவுற்றிருப்பவர் வைட்டமின் டி உட்பட எதையும் தானாகத் தொடங்காமல், மகப்பேறு டாக்டரும் எண்டோகிரைன் டாக்டரும் சேர்ந்து பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கால்சிட்ரியால் கொடுக்கிறார்கள். இங்கே கூடாது என்கிறீர்களே?

அவருடைய நோய் வேறு. சிறுநீரகம் பழுதானதால் வைட்டமின் டியை மாற்ற முடியாமல் பி.டி.எச். ஏறுகிறது, மாற்றிய வடிவத்தையே கொடுப்பது அங்கே சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துவந்த மருந்து என்று மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். இனி எதற்கு வைட்டமின் டி?

அறுவைக்குப் பிறகு வரும் நாட்களுக்காக. கட்டியை எடுத்ததும் பி.டி.எச். சில நிமிடங்களிலேயே சரிகிறது. அதுவரை கால்சியத்தை இழந்துகொண்டிருந்த எலும்பு, இரத்தத்தில் இருப்பதையெல்லாம் வேகமாக உள்ளே இழுக்கத் தொடங்கும். எலும்பு மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் இது கடுமையாக வரும். இரண்டாவது, மூன்றாவது நாளில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனி குறுகுறுக்கும், கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். இதைக் கண்டால் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். அப்போது கால்சியமும் கால்சிட்ரியாலும் தாராளமாகக் கொடுப்பார்கள். அறுவைக்கு முன் கூடாது என்ற அதே கால்சிட்ரியால் இங்கே அவசியமாகிறது. முன்பே குறைபாட்டைச் சரிசெய்து வைத்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டுவது எளிது. அதற்காக அவசரமான அறுவையை மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

அறுவை முடிந்து இரண்டு மாதம். கால்சியம் 9.1, ஆனால் பி.டி.எச். இன்னும் 95. கட்டியை விட்டுவிட்டார்களா?

கால்சியம் நார்மலாக இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அறுவை வெற்றியா என்பதை ஆறு மாதம் கழித்துக் கால்சியம் நார்மலாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் சொல்வார்கள். பி.டி.எச். சிலருக்குப் பல மாதங்கள் கூடுதலாகவே இருக்கும். எலும்பு இன்னும் கால்சியத்தை இழுத்துக்கொண்டிருப்பதும் வைட்டமின் டி போதாமையும் வழக்கமான காரணங்கள். வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், 30க்குக் கீழே இருந்தால் அளவைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள், மூன்று மாதம் கழித்துக் கால்சியம், ஆல்புமின், பி.டி.எச். மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள்.